ஆகாய எல்லையும் பூமி எல்லையும்
பின்லாந்திலுள்ள ஹெல்சிங்கி விமான நிலையத்திலிருந்து ஜப்பானின் டோக்கியோவுக்கு நேர்வழித் தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். ருஷ்ய ஆகாயத்தின் வழியே 9, 10 மணி நேரத்தில் முடிந்துவந்த பிரயாணம் இது. 2022-இல் ருஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. ஐரோப்பிய யூனியன் தன் ஆகாயத்தை ருஷ்ய விமானங்களுக்கு மூடிற்று. ருஷ்யாவும் பதிலுக்கு மூடிற்று. பின்லாந்து விமானங்கள் வட துருவத்தின் வழியாகவோ, தெற்கே வளைந்தோ செல்ல நேர்ந்தது. பிரயாணமும் சுமார் 13 மணி நேரமாயிற்று.

தன் ஆகாயத்தின்மீது ஒவ்வொரு தேசத்துக்கும் பூரண ஆதிக்கம் உண்டென்று 1944-ஆம் வருஷத்திய சிக்காகோ உடன்படிக்கை கூறுகிறது. சுதந்திரத்தின் அருமையறிந்த நாம் அவ்வுரிமையை ஆட்சேபிக்கவில்லை. ஆனால், அண்டை நாட்டின் பூமியெல்லையை மிதித்த வல்லரசு, தன் ஆகாயவெல்லையை மட்டும் பிறர் மதிக்கவேண்டுமென்பது எந்த நியாயம்? உக்ரேனின் உரிமையை ருஷ்யா முதலில் ஒப்புக்கொள்ளட்டும். ஆகாய மார்க்கம் தானே திறக்கும்.