சிறு பட்டறைகளுக்குப் பரீக்ஷை

திருப்பூர்ப் பனியன் தொழிலை ஒரு புதிய பரீக்ஷை எதிர்நோக்கி நிற்கிறது. ஐரோப்பிய யூனியனின் சட்டமொன்று 2024 ஜூலை 18ந் தேதி அமுலுக்கு வந்தது. அங்கே விற்பனையாகும் பல சாமான்களுக்கு 'டிஜிட்டல் பாஸ்போர்ட்' என்னும் விவரப் பத்திரத்தை அது படிப்படியாகக் கட்டாயமாக்கும். 2025 ஏப்ரலில் வெளியான வேலைத் திட்டத்தில் ஜவுளிக்கு முன்வரிசையில் இடம் தரப்பட்டது.

இதன் நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. குறைகூற நமக்கு யோக்கியதையும் இல்லை. நொய்யல் நதி பட்ட பாட்டை நாடறியும். பாசனத்திற்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிற்று. கிணறுகள் கெட்டன. விவசாயிகள் நியாயஸ்தலத்தை நாடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் உத்தரவினால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அதன் பின்னரே, கழிவுநீர் ஒரு சொட்டும் ஆற்றில் விழலாகாது என்ற நிபந்தனைக்கு உயிர் வந்தது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சாயநீரிலிருந்து தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து, மீண்டும் பட்டறைகளுக்கே அனுப்புகின்றன. நம் கணக்கை நாமே பார்க்கத் தவறினால், பிறர் பூட்டுடன் வந்து பார்ப்பார்கள் என்பதே அன்று கற்ற பாடம்.

ஆனால் இந்தப் பரீக்ஷையை எழுதப்போகிறவர் யார்? பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. துணி பின்னுவது ஓரிடம். சாயம் ஏற்றுவது வேறிடம். அச்சிடுவதும், தைப்பதும், காஜா எடுத்துப் பட்டன் வைப்பதும் வெவ்வேறு இடங்கள். இவற்றில் பல கூலிக்கு வேலை செய்யும் சிறு பட்டறைகள். ஏற்றுமதியாளரிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது; பத்துத் தையல் யந்திரங்களை வைத்துப் பிழைப்பவரிடம் இருப்பவை ஒரு நோட்டுப் புத்தகமும் கைபேசியுமே. இவர்களில் ஒருவர் விவரம் தராவிட்டாலும் பத்திரம் பூர்த்தியாகாது. அப்பொழுது ஆர்டர்கள் எல்லா வேலையையும் ஒரே வளாகத்தில் நடத்தும் பெரிய ஆலைகளுக்குப் போய்விடும். நதியைக் காக்க வந்த விதி சிறு தொழிலாளியின் அடுப்பை அணைத்துவிடலாமா?

மத்திய சர்க்கார் 'ஸெட்' சான்றிதழ்த் திட்டத்தை 2022ல் புதுப்பித்தபோது, கட்டணத்தில் குறுந்தொழில்களுக்கு 80 சதவீதமும், சிறுதொழில்களுக்கு 60 சதவீதமும், நடுத்தரத் தொழில்களுக்கு 50 சதவீதமும் சலுகை அறிவித்தது. நல்ல காரியந்தான். ஆனால் சுவரில் தொங்கும் சான்றிதழ் மட்டும் பட்டறையைத் திருத்திவிடாது.

பட்டறைகளின் தகுதியை மதிப்பிடுவோர் முதலில் கேட்கவேண்டியவை சில எளிய கேள்விகளே. மின்சாரம் எத்தனை யூனிட்? தண்ணீர் எத்தனை லிட்டர்? வீணான துணி எத்தனை கிலோ? எந்த ஆர்டருக்காகச் செய்த வேலை? இவற்றைத் தமிழிலேயே கைபேசியில் பதியச் சௌகரியம் வேண்டும். ஒருமுறை தந்த விவரத்தை எல்லா வியாபாரிகளும் ஏற்கவேண்டும். ஆளுக்கொரு பரிசோதனை நடத்தி அலைக்கழிக்கலாகாது. குறை கண்ட இடத்தில் பட்டறையை ஒதுக்கித் தள்ளாமல், பயிற்சியும் கடனும் அளிக்கவேண்டும். செலவில் ஒரு பங்கை, சுத்தமான சரக்கு கேட்கும் வெளிநாட்டு வியாபாரிகளே ஏற்பதுதான் நியாயம்.

திருப்பூரின் பலம் அதன் சிறு பட்டறைகளில் இருக்கிறது. அவற்றைக் கைதூக்கி விடுவதற்கே இந்தப் பரீக்ஷை பயன்படவேண்டும். சர்க்காரும் ஏற்றுமதியாளர் சங்கங்களும் ஆர்டர் கைவிட்டுப் போகும்வரை காத்திராமல், இப்பொழுதே முன்வரவேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.