எட்ச்சிங் யார் கைக்கு?

பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் ஒரு செமஸ்டர் முழுக்க என் வலது கை விரல்கள் மஞ்சள் பழுப்பாகவே இருந்தன. ஃபெரிக் குளோரைடு கறை. சோப்புக்கெல்லாம் போகாது.

லேபில் நாலு பேர் ஒரு குழு. செம்புத் தகடு ஒட்டிய பலகையில் ஒருவன் லேஅவுட் வரைவான். பிறகு அதை ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டு, தட்டை ஆட்டிக்கொண்டே நிற்க வேண்டும். வரைந்த கோட்டுக்கு அடியில் உள்ள செம்பு தங்கும், மீதி கரைந்துபோகும். அதற்கு எட்ச்சிங் என்று பெயர். அப்புறம் ஒருவன் துளை போடுவான், ஒருவன் சால்டரிங் வைப்பான். எட்ச்சிங் மட்டும் வாராவாரம் என்னிடமே வந்தது. இந்த வாரம் மாத்திக்கலாமே என்று கேட்டேன். "உங்கப்பா டேனரியிலதானே இருக்காரு, கெமிக்கல் வாடையெல்லாம் உனக்குப் பழக்கம்தானே மச்சி" என்றான் ஒருவன். ஆசிரியரும் சிரித்தார். வைவாவில் எல்லாக் கேள்வியும் லேஅவுட்டிலிருந்துதான் வந்தது. எட்ச்சிங்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சாதி என்பது வெறும் வேலைப் பிரிவினைதான் என்பவர்களுக்கு அம்பேத்கர் 1936இலேயே பதில் எழுதிவிட்டார். அதே 1936இல்தான் வியன்னாவிலிருந்து லண்டன் வந்து சேர்ந்தார் பால் ஐஸ்லர். யூதர் என்பதால் சொந்த நாட்டில் வேலை கிடைக்காத பொறியாளர் அவர். அச்சிட்ட சுற்றுப்பலகையை, அதாவது இந்த பிசிபியை, ரேடியோவுக்குள் வைத்துக் காட்டியவர். அவர் அணுகிய ஒரு நிறுவனம் வேண்டாம் என்றது. கம்பியை ஒவ்வொன்றாக இணைக்கப் பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் இதைவிட மலிவு என்பதுதான் காரணம். ஒதுக்கப்பட்டு வந்தவரின் கண்டுபிடிப்பைக் கீழே வைக்கப்பட்டவர்களின் கூலியைக் காட்டி நிராகரித்திருக்கிறார்கள்.

மலிவான கை கிடைத்தால் இயந்திரம் எதற்கு என்ற கணக்கு இங்கே இன்னும் ஓடுகிறது, பலகை செத்த பிறகு. ஒரு டன் தங்கத் தாதுவில் கிடைப்பது பெரும்பாலும் சில கிராம் தங்கம். ஒரு டன் கைப்பேசிப் பலகையில் நூறு கிராமுக்கும் மேல் இருக்கும். செம்பு அதைவிடப் பல மடங்கு. இதைப் பாதுகாப்பாகப் பிரிக்க உலைகள் இருக்கின்றன, விலைதான் அதிகம். அதனால் பலகைகள் தில்லி சீலம்பூருக்குப் போகின்றன, பித்தளைக்குப் பேர்போன முராதாபாத்துக்குப் போகின்றன. அங்கே செம்புக்காகக் கொளுத்துகிறார்கள், தங்கத்துக்காக அமிலத்தில் முக்குகிறார்கள். ராம்கங்கை ஆற்றங்கரையில் சாம்பலை அலசி உலோகத்துகள் தேடுகிறார்கள், பெண்களும் குழந்தைகளும் சேர்ந்து. பழைய பலகைகளின் சால்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈயம். தீப்பிடிக்காமலிருக்கப் பலகையில் சேர்க்கும் புரோமின் சேர்மங்கள் எரியும்போது டையாக்சின் வகை நஞ்சு கிளம்பும். சீலம்பூரில் இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஏழை முஸ்லிம்கள். மற்ற ஊர்களில் குப்பையிலிருந்து இதைப் பொறுக்கிக் கொண்டுவரும் கைகள் யாருடையவை என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2025 மார்ச்சில் ஒன்றிய அரசு மின்னணு உதிரிபாக உற்பத்திக்கு 22,919 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பிசிபியும் அதில் உண்டு. பலகை இங்கேயே பிறக்கட்டும், எனக்கு மறுப்பில்லை, எனக்கும் அந்தத் துறையில்தான் சம்பளம் வருகிறது. கழிவு பக்கம் என்ன நடக்கிறது? 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, உற்பத்தி நிறுவனம் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கிக் காட்ட வேண்டும். சான்றிதழுக்கு ஒரு சந்தையே உருவாகிவிட்டது. அமிலத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அந்தச் சந்தையில் இடமே இல்லை. ஆனால் அதே விதிகளில், 2016 விதிகளிலும்கூட, யாரும் மேற்கோள் காட்டாத ஒரு பகுதி இருக்கிறது. கழிவைப் பிரிக்கும் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்வதும், அவர்கள் குழுவாகச் சேர்ந்து பிரிப்புக்கூடம் அமைக்க உதவுவதும், பயிற்சியும், உடல்நலக் கண்காணிப்பும் மாநில அரசின் பொறுப்பு என்கிறது அது.

இப்போது நான் திரையில் லேஅவுட் வரைகிறேன். கையில் கறை இல்லை. போன வாரம் தொழிலாளர் துறைக்குத் தகவல் உரிமை மனு ஒன்று எழுதினேன்: இந்த விதியின் கீழ் நம் மாநிலத்தில் இதுவரை எத்தனை பேரைப் பதிவு செய்திருக்கிறீர்கள், மாவட்டவாரியாக? கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாள். உங்கள் மாவட்டத்துக்கு நீங்களும் ஒன்று போடுங்கள் தோழர்களே, வரும் பதில்களைச் சேர்த்து இங்கேயே எழுதுவோம்.