பால் பசையில் ஒட்டிய இறக்கைகள்

ஜெர்மனியின் நடுப்பகுதியில் ரோன் என்றொரு மலைத்தொடர். அதன் உச்சிக்கு வாசர்குப்பே என்று பெயர். உயரம் 950 மீட்டர். மரம் அதிகம் இல்லாத, புல் போர்த்திய மொட்டை மலை. காற்று சரியாக அமைகிற நாளில் அந்தச் சரிவில் ஒரு வேடிக்கை நடக்கும்.

மரச்சட்டமும் துணியும் கொண்டு கட்டிய ஒரு பழைய கிளைடர் புல்லில் நிற்கும். அதன் மூக்கில் ஒரு கொக்கி. கொக்கியில் தடித்த ரப்பர் கயிறு, உண்டிவில்லின் வார் போல இரண்டாகப் பிரிந்து கிடக்கும். இந்தப் பக்கம் நாலைந்து பேர், அந்தப் பக்கம் நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். பின்னால் ஒருவர் வாலை விடாமல் பிடித்திருப்பார். முதல் குரல் வந்ததும் இழுத்துக்கொண்டு நடப்பார்கள். இரண்டாவது குரலுக்குச் சரிவில் ஓடுவார்கள். மூன்றாவது குரலுக்கு வால் விடுபடும். அவ்வளவுதான்! ஓடியவர்கள் மூச்சிரைக்க நிமிர்வதற்குள் கிளைடர் அவர்கள் தலைக்கு மேலே போய்விடும். இன்ஜின் இல்லை, புகை இல்லை. கேட்பது காற்றின் சீழ்க்கை மட்டும்.

ஓடுகிறவர்களில் நரைத்த தலைகளே அதிகம். அவர்களில் யாருக்கும் கூலி கிடையாது. இன்று இவருக்காக அவர் ஓடினால், நாளை அவருக்காக இவர் ஓட வேண்டும். பழைய கிளைடர் வைத்திருப்பவருக்கு முதலில் வேண்டிய சொத்து நண்பர்கள்தான். இறக்கையைத் தூக்கிப் பொருத்தவே மூன்று நான்கு பேர் வேண்டும். கிளைடரையே பலர் கூட்டாகப் பணம் போட்டுத்தான் வாங்குகிறார்கள்.

வாசர்குப்பேயில் இந்தப் பழக்கம் வேரூன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி, இன்ஜின் வைத்த விமானம் கட்டக் கூடாது என்று வெர்சாய் ஒப்பந்தம் கையைக் கட்டியது. இன்ஜின்தானே கூடாது? 1920-ல் இளைஞர்கள் இந்த மலையில் கூடி, இன்ஜின் இல்லாமல் பறக்கும் போட்டியைத் தொடங்கினார்கள். முதலில் சில நிமிடப் பறப்பே பெரிய சாதனை. 1922 ஆகஸ்டில் ஆர்தர் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்தைத் தாண்டினார். மலைச்சரிவில் மோதி மேலே எழும் காற்றில் சவாரி செய்யலாம் என்பது அப்போது ஊருக்கெல்லாம் புரிந்தது.

அந்தக் காலத்துக் கிளைடர்களில் பெயர் பெற்றது கிருனாவ் பேபி. எட்மண்ட் ஷ்னைடர் 1931-ல் வடிவமைத்தது. பல நாடுகளில் கட்டப்பட்டு, எண்ணிக்கை சுமார் 6,000 வரை போயிற்று. இதை இன்றைய ஃபைபர் கிளாஸ் கிளைடரோடு ஒப்பிட்டால் பாவமாக இருக்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்தை இழப்பதற்குள் புதியது 45 கிலோமீட்டருக்கு மேல் போகும். பேபி 17 கிலோமீட்டர் போனால் அதிகம். எதிர்க்காற்று பலமாக இருந்தால் அதுவும் இல்லை.

பிறகு எதற்காக இதை ஓட்டுகிறார்கள்?

மெதுவாகப் பறப்பதற்காகத்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் அளவில், சின்ன வட்டம் போட்டு, பலவீனமான வெப்பக் காற்றிலும் பேபி ஏறிவிடும். வேகமான கிளைடர் அகலமாகச் சுற்றி அந்தக் காற்றுத் தூணுக்கு வெளியே போய்விடுகிற இடத்தில், இந்தக் கிழம் நடுவிலேயே நின்று சுழலும். கழுகு எங்கே வட்டமிடுகிறதோ அங்கே போனால் போதும். திறந்த இருக்கை என்பதால், வைக்கோல் அறுத்த வயலின் வாசனைகூட சில சமயம் மேலே வரும். பழைய கிளைடர்கள் சிலவற்றில் உள்ள ஏற்றமானி பார்க்கவே அழகு. இரண்டு சிறு குழாய்கள். ஒன்றில் பச்சைக் குண்டு, மற்றதில் சிவப்பு. காற்று தூக்கினால் பச்சை எழும், கீழே தள்ளினால் சிவப்பு எழும். குழந்தைக்குக்கூடப் புரியும்.

இங்கிலாந்தின் ஸ்லிங்ஸ்பி டி-21 இன்னொரு ரகம். இருவர் தோளோடு தோள் உரச உட்காரும் திறந்த கிளைடர். விமானப் படையின் மாணவர் பிரிவில் எத்தனையோ பையன்களுக்கு முதல் ஆகாயத்தைக் காட்டியது இதுதான். பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே பறக்கலாம் என்பதால், பறக்காத வீட்டாரைக் கூட்டிப்போக இதைவிடத் தோதான வண்டி கிடையாது.

இந்தியாவும் இப்படிப்பட்ட மரக் கிளைடர்களைக் கட்டிய நாடுதான். 1950-களின் இறுதியில் தொடங்கி, சிவில் விமானப் போக்குவரத்துத் துறையின் தொழில்நுட்ப மையம் சொந்தமாகக் கிளைடர்களை வடிவமைத்தது. பெயர்கள்? அஸ்வினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர். யாரோ பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு பெயரிட்டிருக்கிறார்கள்! இதில் ரோகிணியும் டி-21 போலவே இருவர் அருகருகே அமரும் பயிற்சிக் கிளைடர்.

சரி, இப்படி ஒன்றை வாங்க எவ்வளவு ஆகும்? ஐரோப்பாவில் பல சமயம் ஒரு பழைய கார் வாங்கும் காசிலேயே கிடைத்துவிடும். செலவு அதற்குப் பிறகுதான். காருக்காகக் கட்டிய ஷெட்டில் இறக்கை படுத்திருக்கும். கார் வெளியே மழையில் நிற்கும். இறக்கையின் துணி நைந்தால் முழுவதும் உரித்துப் புதிதாகப் போர்த்த வேண்டும். துணி விறைக்க மேலே பூசும் டோப் என்ற திரவத்தின் நெடி வீடு முழுக்கப் பரவும். இதைப் பொறுத்துக்கொள்ளும் குடும்பங்களுக்குத் தனியாக விருது கொடுக்கலாம்.

துணியாவது கண்ணுக்குத் தெரியும். உண்மையான பயம் உள்ளே இருக்கிறது. பசை!

1930-களில் கட்டிய பல கிளைடர்களின் மரச்சட்டத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பது கேசீன் பசை. பால் திரிந்தால் கட்டி கட்டியாக ஒதுங்குமே, அந்தப் புரதத்தோடு சுண்ணாம்பு சேர்த்துச் செய்வது. காய்ந்திருக்கும்வரை இரும்புப் பிடி. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், பிடி தளரும். பின்னால் வந்த ரசாயனப் பசைகளிலும் சில, வயதானால் நொறுங்கும் குணம் உள்ளவை. ஒழுகும் ட்ரெய்லரில் இரண்டு மழைக்காலம் கிடந்த இறக்கை வெளியே பளபளவென்று இருக்கலாம். உள்ளே எந்த இணைப்பு விட்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அந்த இறக்கையை நம்பித்தான் ஒருவர் ஆயிரம் மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அதனால்தான் இந்த வட்டாரத்தில் ஒரு வாக்குவாதம் ஓய்வதே இல்லை. பறக்க விடுவதா, தொங்க விடுவதா? 1945-க்குப் பிறகு ஜெர்மனியில் ஏராளமான கிளைடர்கள் உடைக்கப்பட்டும் எரிக்கப்பட்டும் போயின. 1951 வரை அங்கே பறக்கவே தடை. தப்பிப் பிழைத்தவற்றில் சில ரகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்று நொறுங்கினால் மறுபடி கிடைக்காது. மியூசியத்தின் கூரையில் தொங்கட்டும் என்பது ஒரு கட்சி. தொங்கினால் அது வெறும் மரச்சாமான். ஓட்டத் தெரிந்தவரும், பழுது பார்க்கத் தெரிந்தவரும் இரண்டு தலைமுறையில் இல்லாமல் போவார்கள் என்பது மறு கட்சி. 1973-ல் பிரிட்டனில் கிறிஸ் வில்ஸ் முன்னின்று தொடங்கிய வின்டேஜ் கிளைடர் கிளப் இரண்டாவது கட்சி. இன்று அதற்குப் பல நாடுகளில் உறுப்பினர்கள் உண்டு.

இரண்டாவது கட்சிக்குச் சாதகமாக மைசெ என்ற கிளைடரின் கதையைச் சொல்லலாம். 1940 ஒலிம்பிக்கில் கிளைடர் போட்டியும் நடப்பதாக இருந்தது. எல்லோரும் ஒரே வகைக் கிளைடரில்தான் பறக்க வேண்டும் என்று முடிவாகி, 1939-ல் இத்தாலியில் நடந்த தேர்வில் ஹான்ஸ் யாகோப்ஸ் வடிவமைத்த மைசெ வென்றது. அதற்குள் போர் வந்துவிட்டது, ஒலிம்பிக்கே நடக்கவில்லை. போர் முடிந்ததும், எதிரி நாடான இங்கிலாந்தில், எலியட்ஸ் என்ற நாற்காலி மேசை செய்யும் கம்பெனி அதே வடிவத்தை ‘ஒலிம்பியா’ என்ற பெயரில் கட்டத் தொடங்கியது. சுமார் 150 வெளிவந்தன. நடக்காத போட்டிக்காகப் பிறந்த அந்தக் கிளைடர்களில் சில இன்னும் பறக்கின்றன. மியூசியத்துக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றவற்றைப் பறக்க விட்டால் இரு கட்சிக்கும் நியாயம் கிடைக்கும். ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்றால் மட்டும் முதல் கட்சி சொல்வதுதான் சரி.

பறக்கும் காலம் முடிந்து குளிர் தொடங்கியதும் ட்ரெய்லரைத் திறப்பார்கள். இறக்கையை மேசை மேல் கிடத்தி, ஒட்டுப்பலகையில் உள்ள சிறு துளைகளின் மூடிகளைக் கழற்றுவார்கள். பரிசோதகர் வருவார். டார்ச் அடித்துப் பார்ப்பார். விரலால் தட்டி ஓசை கேட்பார். துளையில் மூக்கை வைத்து முகர்ந்தும் பார்ப்பார். பூஞ்சை பிடித்த பசை வாசனையில் காட்டிக் கொடுத்துவிடும். ஸ்கேன் அறை வாசலில் நிற்கும் உறவினர் மாதிரி உரிமையாளர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பரிசோதகர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த துளைக்குப் போவார்.