மசோதாவுக்குக் கெடு வேண்டும்

மசோதாக்கள் மீது முடிவெடுக்க ஆளுநருக்குக் காலவரம்பு விதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2025 நவம்பர் 20 அன்று கருத்துரைத்துவிட்ட நிலையில், அந்த வரம்பை நாடாளுமன்றமே அரசமைப்பில் எழுதியாக வேண்டும். தமிழகச் சட்டப்பேரவை 2023 நவம்பரில் இரண்டாம் முறை நிறைவேற்றிய 10 மசோதாக்களில் பல, உச்ச நீதிமன்றத்தின் 2025 ஏப்ரல் தீர்ப்புவரை சட்டமாகவில்லை. அந்தப் பத்தில் பெரும்பாலானவை துணைவேந்தர் நியமனம் பற்றியவை. காரைக்குடி அழகப்பா உள்ளிட்ட மாநிலப் பல்கலைக்கழகங்களை யார் வழிநடத்துவது என்ற கேள்விக்கு மக்கள் தேர்ந்தெடுத்த அவை சொன்ன விடை இத்தனை காலம் கிடப்பில் கிடந்தது பெரும் அநீதி. கெடு விதித்தால் பழுதான சட்டங்கள் தப்பிவிடும் என்பது மறுப்பாளர் வாதம். ஆனால் மசோதாவைத் திருப்பி அனுப்பவும் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கவும் ஆளுநருக்கு வழி உண்டு. அதன் பிறகும் நீதிமன்றம் இருக்கிறது. துணைவேந்தர் நியமனச் சட்டத்திருத்தங்களுக்கே 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தடை சரியா என்பது வேறு விவாதம். சட்டத்தைச் சோதிக்கும் இடம் நீதிமன்றம் என்பதை அது காட்டுகிறது. மத்திய அரசே அமைத்த பூஞ்சி ஆணையம் 2010-இல் ஆறு மாத வரம்பைப் பரிந்துரைத்தது. அதையே அரசமைப்பின் 200-ஆவது பிரிவில் சேர்க்கும் திருத்தத்தை மத்திய அரசு உடனே கொண்டுவர வேண்டும், தமிழக எம்.பி.க்கள் கட்சி பேதமின்றி அதை வலியுறுத்த வேண்டும்.