‘எஸ்டேட்’டுக்குள் எத்தனை சொல்?

பதுளை டவுனில் கொமியூனிகேஷன் கடை வைத்திருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் நிம்மதி கிடையாது. விடிந்தால் பள்ளிக்கூடம். பசறைப் பக்கத்திலிருந்தும் ஹாலி-எலப் பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிற பெற்றோர், சுருட்டிய கொப்பியோடு வாசலில் நிற்பார்கள். முன்பெல்லாம் படம் கேட்பார்கள். வானவில், மகாத்மா காந்தி, பூவின் பாகங்கள் என்று ஏதாவது. ஒரு பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. இப்போது வந்திருப்பது வேறு வியாதி.

“அண்ணே, இந்த எழுத்துல இங்கிலீஸ் சொல்லு எவ்வளவு வருதோ அம்புட்டையும் எடுத்துக் குடுங்க. கூடுதலா எழுதுற புள்ளைக்கு மிஸ் ஸ்டார் போடுவாங்களாம்.”

அம்புட்டும்! கேட்கிறவருக்கு அது ஒரு சொல். எனக்கு அரை நாள்.

அண்மையில் ஒரு அக்கா கொண்டுவந்த கொப்பியில் ‘எஸ்டேட்’ என்று எழுதியிருந்தது. ஈ, எஸ், டி, ஏ, டி, ஈ. அருமையான சொல்தான், மறுக்கவில்லை. அதற்குள் டீ இருக்கிறது. ஈட், சீட், ஈஸ்ட், ஸ்டேட், டேஸ்ட் எல்லாம் இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைக்குத் தோதாக இருக்கட்டும் என்று யோசித்துத்தான் மிஸ் கொடுத்திருப்பார். ஆனால் கீழே ஒரே ஒரு வரி: ‘இந்த எழுத்துகள் வரும் சொற்களை எழுதுக.’ எப்படி வர வேண்டும்? இந்த ஆறு எழுத்தை மட்டும் வைத்தா, வேறு எழுத்தும் சேரலாமா? சேரலாமென்றால் ‘ஸ்டேட்மென்ட்’ சரி. அதற்குள் இந்த ஆறும் கிடக்கின்றன. சேரக்கூடாதென்றால் பிழை. ஒரே ஒரு ‘ஏ’தான் இருக்கிறது, அதை இரண்டு தரம் பாவிக்கலாமா? நியூயோர்க் டைம்ஸின் ‘ஸ்பெல்லிங் பீ’ விளையாட்டில் பாவிக்கலாம். ஸ்கிரபிளில் முடியாது; கையில் இருக்கும் கட்டை எத்தனையோ அத்தனைதான். விளையாட்டுக்கு விளையாட்டு சட்டம் மாறுகிறது. வீட்டுப்பாடத்துக்குச் சட்டமே இல்லை. அந்த அக்காவிடம் கேட்டேன். “எனக்கு என்னா தெரியும் அண்ணே, நீங்கதானே படிச்சவரு” என்றார்.

சரி, கம்பியூட்டரில் போட்டேன். எழுத்தைக் கொடுத்தால் சொல்லை அள்ளிக் கொட்டுகிற தேடுபொறிகள் நிறையவே இருக்கின்றன. அவை செய்வது பெரிய வித்தையும் இல்லை. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி வைத்துக்கொள்கின்றன. டீ, ஈட், ஏட் மூன்றையும் அடுக்கினால் ஏ-ஈ-டி என்று ஒரே வரிசை வரும். நாம் கொடுக்கிற எழுத்தையும் அப்படியே அடுக்கி ஒப்பிட்டால் வேலை முடிந்தது. வேகம்தான் வித்தை; அறிவு ஒன்றும் கிடையாது.

வில்லங்கம் அதன் பட்டியலில் இருக்கிறது. இந்தத் தேடுபொறிகளில் பெரும்பாலானவை ஸ்கிரபிள்காரர்களுக்காக வைத்திருப்பவை. ஸ்கிரபிளைக் கண்டுபிடித்த அல்ஃபிரட் பட்ஸ், 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போன அமெரிக்கக் கட்டடக் கலைஞர். பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தரம் வருகிறது என்று உட்கார்ந்து எண்ணியவர். 100 கட்டையில் ‘ஈ’ 12 என்று வந்தது அந்தக் கணக்கால்தான்; ‘எஸ்’ஸை மட்டும் வேண்டுமென்றே வெறும் 4 ஆக்கினார். (‘எஸ்’ கூடினால் எல்லாரும் பன்மை போட்டே வென்றுவிடுவார்கள்.) பிறகு போட்டிகள் வந்தன, போட்டிக்கென்று சொற்பட்டியல் வந்தது. கொலின்ஸ் பட்டியலின் 2019 பதிப்பில் 2,79,496 சொற்கள். இரண்டு ‘ஏ’ சேர்ந்தால் அதில் ஒரு சொல். ஹவாய்த் தீவின் கரடுமுரடான எரிமலைக் குழம்புப் பாறையாம். பசறையில் இதை எங்கே போய்ப் பாவிப்பது?

‘எஸ்டேட்’டின் ஆறு எழுத்தையும் மாற்றிப் போட்டால் ஆறெழுத்துச் சொல் ஒன்று வரும் என்று தேடுபொறி சொன்னது: டெஸ்ட்டாவின் பன்மை. டெஸ்ட்டா என்றால் விதையின் மேல்தோல். நானும் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். பிள்ளை அழகாகப் பார்த்து எழுதிக்கொண்டு போனது. மிஸ் சிவப்புப் பேனையால் குறுக்கே ஒரு கோடு போட்டு, ‘இப்படி ஒரு சொல் இல்லை’ என்று எழுதியனுப்பியிருக்கிறார். அடுத்த ஞாயிறு அந்த அக்கா கொப்பியை என் மேசையில் விரித்து வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். சொல் இருக்கிறது என்று நான் யாரிடம் போய் வாதாடுவது? கடைக்காரன் எழுதிக் கொடுத்தான் என்று தெரிந்தால் பிள்ளைக்கு அதற்கும் சேர்த்து ஏச்சு விழும்.

மிஸ்ஸையும் குறை சொல்லி என்ன பயன்? தோட்டப் பள்ளிக்கூடங்களை 1970களில் அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. இன்றைக்கும் இங்கிலீஸ் டீச்சர் இல்லாத பள்ளிக்கூடம் எது என்று தேடி அலைய வேண்டியதில்லை. இருக்கிற ஒருவர் எல்லா வகுப்புக்கும் ஓடுகிறார். ஆனாலும் ஸ்டாரை எண்ணிக்கைக்குக் கொடுக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். டேட்டா உள்ள போன் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை அறுபது சொல் எழுதும். பின்நேரம் வரை மலையில் கொழுந்து பறித்துவிட்டு வருகிற தாயின் பிள்ளை, தானே யோசித்து ஒன்பது எழுதும். படித்தது யார்? அறுபது எழுதிய பிள்ளையிடம் அதில் பத்துக்கு அர்த்தம் கேட்டுப் பாருங்கள், தெரியும். எழுத்துகளைக் கடதாசியில் வெட்டி, வகுப்பிலேயே நான்கு நான்கு பேராக உட்காரவைத்து, மாற்றி மாற்றி அடுக்கச் சொன்னால் என்ன? செலவு ஒரு பழைய கலண்டர்.

‘டீச்சர்’ என்ற சொல்லும் ஒரு தரம் வந்தது. அதே ஏழு எழுத்தை மாற்றிப் போட்டால் ‘ஹெக்டயர்’ வரும், ‘சீட்டர்’ என்று ஏமாற்றுக்காரனும் வரும். முன்னதை எழுதிக் கொடுத்தேன். பின்னதைக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

அன்று வரிசையில் நின்ற ஒரு அண்ணன், தோட்டத்து ஸ்டோரில் தேயிலை சலிக்கிறவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: “சாக்குல நாங்க அடிக்கிற எழுத்தைக் குடுக்கச் சொல்லுங்க தம்பி. பி, ஓ, பி, எஃப். அதுன்னா நானே புள்ளைக்குச் சொல்லிக் குடுப்பேன்.” புரோக்கன் ஒரெஞ்ச் பெக்கோ ஃபனிங்ஸ், முழுப் பெயரையும் மூச்சு விடாமல் சொன்னார். ‘பி.ஓ.பி’க்கும் ‘பி.ஓ.பி.எஃப்’புக்கும் தூள் எப்படி மாறும், எந்தச் சல்லடையில் எது விழும் என்றும் விரலால் காட்டினார். அவருடைய மகனின் கொப்பியில் அந்தக் கிழமை வந்திருந்தது ‘எலிஃபன்ட்’. பின்னால் இன்னும் ஆட்கள் நின்றார்கள். ஸ்கிரீனைத் திருப்பி வைத்துக்கொண்டு ஈ, எல், ஈ என்று தட்டத் தொடங்கினேன்.