திரையில் நிற்கும் வண்டி

கணிப்பொறித் திரை எழுதும் பிள்ளைகளுக்கு, டிப்ளமோ படித்துவிட்டு இரயில்வே சிக்னல் பகுதியில் காலம் தள்ளிய ஒருவன் சொல்ல என்ன இருக்கிறது என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். இருக்கிறது என்பது என் கருத்து. பெங்களூரில் நம் சங்க உறுப்பினர் பலரின் வீட்டில் மகனோ மருமகளோ அந்த வேலையில் இருப்பதால், இதை இந்த இதழில் எழுதுவதே பொருத்தம்.

இன்று வண்டி எங்கே வருகிறது என்பதைக் கைப்பேசியில் பார்க்கிறோம். இரயில்வேயின் க்ரிஸ் நிறுவனம் நடத்தும் என்.டி.இ.எஸ். இருக்கிறது. இதே ஊரில் சிக்மாய்டு லேப்ஸ் உருவாக்கி, 2018 டிசம்பரில் கூகுள் வாங்கிய ‘வேர் இஸ் மை டிரெயின்’ இருக்கிறது. க்ரிஸும் இஸ்ரோவும் சேர்ந்து எஞ்சின்களில் பொருத்திவரும் ஆர்.டி.ஐ.எஸ். கருவி 30 விநாடிக்கு ஒருமுறை வண்டி இருக்கும் இடத்தைச் சொல்கிறது. 2,700 எஞ்சின்களில் பொருத்தியாயிற்று என்று 2022இலேயே அரசு அறிவித்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் தொலைபேசியில் சொன்னால்தான் கட்டுப்பாட்டு அறைக்கே வண்டி எங்கே என்று தெரியும். மகத்தான முன்னேற்றம்தான். ஆனால் விண்கோள் வரை போய்த் திரும்பிய செய்தி, கடைசி ஒரு முழத்தில், நம் கையிலுள்ள திரையில் கெட்டுப்போகிறது.

சென்ற ஆண்டு எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் மனைவியுடன் மைசூர் செல்லக் கண்டோன்மென்ட் நிலையத்தில் காத்திருந்தார். அம்மையாருக்கு முழங்கால் வலி. வண்டி நெருங்கியபின் நடைமேடைக்குப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தார்கள். பையிலிருந்து கைப்பேசியை எடுத்துப் பார்த்தபோது வண்டி மாலூரில் என்று காட்டியது. அந்த நேரத்தில் வண்டி நடைமேடையில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு நிமிடத்தில் போயும் விட்டது. செயலியின் பெயர் இங்கே வேண்டாம். திரை பொய் சொல்லவில்லை. முக்கால் மணிக்கு முந்தைய உண்மையை, இப்போதைய உண்மையைப் போலவே, அதே பச்சை நிறத்தில் காட்டியது. அதுதான் குற்றம்.

ஏன் இப்படி ஆகிறது என்று இத்துறையில் இருக்கும் உறவுக்காரப் பையனிடம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னான். முன்பெல்லாம் திரை அடிக்கடி சர்வரைக் கேட்டுக் கேட்டு விடை வாங்கும். 2011இல் தரமாக்கப்பட்ட வெப்சாக்கெட் முறையில் ஒரே இணைப்பு திறந்தே இருக்கும். செய்தி வந்தவுடன் சர்வரே தள்ளிவிடும். கைப்பேசியைப் பையில் போட்டால் அந்த இணைப்பு அறுந்துபோகலாம். இணைப்பை முறையாக மூடினால் செய்தி வரும். சிக்னல் கிடைக்காமல் அறுந்தால் எந்தச் செய்தியும் வராது. திரை, இணைப்பு உயிரோடு இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். வெப்சாக்கெட்டில் ‘பிங்’, ‘பாங்’ என்று நலம் விசாரிக்கும் வழி உண்டு. ஆனால் பிரவுசருக்குள் எழுதும் நிரலால் அந்தப் பிங்கை அனுப்ப முடியாதாம். ஆகவே இருபது முப்பது விநாடிக்கு ஒரு சிறு செய்தியைத் தாமே அனுப்பி, பதில் வராவிட்டால் இணைப்பு செத்தது என்று முடிவுகட்டும் வேலையை எழுதுபவர்தான் செய்யவேண்டும். பலர் செய்வதில்லை.

எங்கள் துறை இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டது. 1872இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் உருவாக்கிய மூடிய டிராக் சர்க்யூட்டில், தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வண்டி வந்தாலும் ரிலே விழும், கம்பி அறுந்தாலும் விழும், பாட்டரி தீர்ந்தாலும் விழும், சிக்னல் சிவப்பாகிவிடும். தெரியாத நிலையைத் தெரிந்த நிலையாகக் காட்ட அதற்கு வழியே இல்லை. இரட்டைப் பாதையின் பிளாக் கருவியிலும் அப்படித்தான்: மின்னோட்டம் நின்றால் முள் ‘லைன் க்ளோஸ்டு’ என்ற இடத்துக்கு வந்துவிடும். பழைய ‘லைன் கிளியர்’ அப்படியே நின்றால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

திரை எழுதுபவர்கள் ‘ஸ்டேட்’ என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். திரை தற்சமயம் அறிந்தவற்றின் பதிவேடு என்று கொள்ளலாம். வண்டி இருக்கும் இடம் மட்டும் அதில் இருந்தால் போதாது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா, கடைசிச் செய்தி எப்போது வந்தது, அது எத்தனையாவது செய்தி ஆகியவையும் அதே பதிவேட்டில் இருக்கவேண்டும். வரிசை எண் இருந்தால்தான் இடையில் விட்டுப்போனது தெரியும். மீண்டும் இணைந்தவுடன் முழு நிலவரத்தையும் ஒருமுறை வாங்கிக்கொண்டு, பிறகு மாற்றங்களை ஏற்கலாம்.

இன்னொரு வழக்கமும் எனக்குப் பிடிக்கவில்லை. திரையில் பத்துப் பகுதிகள் இருந்தால் பத்தும் தனித்தனியே இணைப்புத் திறக்கிறதாம், மூடவும் மறந்துவிடுகிறதாம். செக்‌ஷன் கண்ட்ரோலரிடம் ஒரே தொலைபேசிக் கம்பிதான் இருந்தது. எல்லா நிலையங்களும் அதில்தான். சார்ட்டில் கோடு இழுப்பவரும் அவர் ஒருவர்தான். மற்றவர் பார்க்கலாம், எழுதக்கூடாது. கம்பி பழுதாகிச் சரியானதும் எல்லா ஸ்டேஷன் மாஸ்டரும் ஒரே நேரத்தில் கத்தினால் ஒன்றும் கேட்காது. அறுந்த இணைப்பைப் புதுப்பிக்கும்போதும் சற்று இடைவெளி விட்டு, தோற்கத் தோற்க இடைவெளியைக் கூட்டி, ஒவ்வொரு கைப்பேசியும் வெவ்வேறு நேரத்தில் முயல வேண்டும் என்பது இதே பாடம்தான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ‘செய்தி 40 நிமிடம் பழையது’ என்று திரையில் போட்டால் பயனருக்கு நம்பிக்கை போய்விடும், திரையும் அழகாக இராது என்கிறார்கள் வடிவமைப்பவர்கள். நம்பிக்கை போகட்டுமே! அந்தப் பெரியவருக்கு நம்பிக்கை குறைந்திருந்தால் எழுந்து நடைமேடைக்குப் போயிருப்பார். பழைய செய்தியைச் சாம்பல் நிறத்தில் காட்டி, பக்கத்தில் நேரத்தைப் போடுவது ஒருநாள் வேலைகூட இல்லை என்று அந்தப் பையனே ஒப்புக்கொண்டான். கேட்பார் இல்லாததால் செய்வதில்லை என்றான்.

ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்போம். அதுவரை, வண்டி ஏறப் போகும் மூத்த உறுப்பினர்கள் திரையில் நேரம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 139க்குப் பேசுங்கள், அல்லது பத்து நிமிடம் முன்னதாகவே நடைமேடைக்குப் போய்விடுங்கள்.