புறப்பட மறுக்கும் பழைய வேன்

கோடை விடுமுறை வந்தால், பழைய மாருதி ஆம்னி வேனின் பின்புறம் மெத்தை விரித்து, அடுப்பும் தண்ணீர்க் குடமும் ஏற்றி, குழந்தை குட்டிகளுடன் நாகபுரியிலிருந்து 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியே ஊருக்குப் புறப்படும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. 1984-இல் வெளிவந்த அவ்வண்டியின் உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டது. கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டிகளைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுழலவில்லையெனில், பாட்டரியையும் அதன் முனைகளில் பூத்திருக்கும் உப்பையும் பார்த்தால் போதும். சுழன்றும் உயிர் பெறவில்லையெனில், இல்லாதது நெருப்புப் பொறியா, பெட்ரோலா என்பதே கேள்வி. சில மெக்கானிக்குகள் எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைக் கழற்றுவார்கள். நமக்கு அது உடன்பாடன்று. ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது; சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை முழுதும் அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பொறியைச் சோதிப்பதானால், பெட்ரோல் குழாயில் கை வைப்பதற்கு முன்னரே சோதித்துவிட வேண்டும்.

பெட்ரோல் வராவிடில், டாங்கியிலிருந்து வரிசையாகத் தேடுக. சிறிது தூரம் ஓடி நின்று, மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்றை இழுத்து மீண்டும் ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. அடுத்தது ஃபில்டர், அதில் அழுக்குத் தேங்கியிருந்தால் மாற்றிவிடலாம், விலை சொற்பமே. நண்பகல் வெயிலில் ஆதிலாபாத் பக்கம் தேநீருக்காக நிறுத்திய வண்டி மறுபடி கிளம்பாதாயின், சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, பம்பு அதை இழுக்கமாட்டாமல் திணறுகிறது என்று கொள்ளலாம். ஆசனத்தைத் தூக்கிவைத்து, பம்பின் மீது ஈரத்துணி சுற்றி, அரைமணி நேரம் பொறுத்திருப்பதே மருந்து. அதற்குள் ஸ்டார்ட்டரை ஓயாமல் இயக்கினால் பாட்டரியும் போய்விடும்.

மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியின் கதை வேறு. 2022-இல் 10 சதவீதமாக இருந்த எத்தனால் கலப்பு, 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும்; பழைய டாங்கியின் படிவுகளைக் கிளப்பிவிடும்; அதற்கெனச் செய்யப்படாத ரப்பர்க் குழாய்களையும் நைந்துபோகச் செய்யும். அக்குழாய்கள் எங்கே ஓடுகின்றன? ஆம்னியில் எஞ்சின் இருப்பது முன் ஆசனத்தின் அடியில். அதன் மேல்தான் நாம் அமர்கிறோம், சற்றுப் பின்னே குழந்தைகள் உறங்குகின்றன. பெட்ரோல் வாடை சிறிது அடித்தாலும், 'பழைய வண்டி, அப்படித்தான்' என்று இருந்துவிடலாகாது. அனைவரையும் இறக்கி, ஒவ்வொரு குழாயையும் வளைத்துப் பார்த்து, வெடிப்போ கசிவோ இருப்பதை மாற்றுக. எத்தனாலைத் தாங்கும் குழாய் என்று கேட்டு, கிளிப்புகளையும் புதிதாகவே வாங்குக. அது முடியும்வரை அடுப்பை வேனுக்குள் ஏற்ற வேண்டாம்.